தொலைநோக்கிக்கு மூன்று ஐபீஸ்: எதை முதலில் வாங்குவது, ஏன்?

உங்கள் தொலைநோக்கி வந்த அட்டைப்பெட்டியில் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தால், முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். 76 மி.மீ. கண்ணாடியும் 700 மி.மீ. குவியத்தொலைவும் கொண்ட சின்னத் தொலைநோக்கி அது. கூடவே 4 மி.மீ. ஐபீஸ் ஒன்றும், உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றும் கொடுத்திருப்பார்கள். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. அதை 3-ஆல் பெருக்கினால் 525. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த இரண்டையும் மாட்டிச் சனியைப் பார்த்தால், கலங்கிய தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு போல ஏதோ ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். அதே தொலைநோக்கியில் 20 மி.மீ. ஐபீஸைப் போட்டுப் பாருங்கள். 35 மடங்குதான். சனி சின்னதாகத்தான் தெரியும். ஆனால் வளையம் பக்கவாட்டாகத் திரும்பி வெறும் கோடாகிவிடும் வருடங்களைத் தவிர, கோளைச் சுற்றி வளையம் இருப்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

ஐபீஸ் என்பது நாம் கண்ணை வைக்கும் பக்கம் செருகும் அந்தச் சின்ன லென்ஸ் குழாய். பாடநூலில் கண்ணருகு வில்லை. கடையிலும் மொட்டைமாடியிலும் எல்லோரும் ஐபீஸ் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். தொலைநோக்கி வாங்கியவர்கள் அடுத்ததாக ஐபீஸில்தான் பணம் போடுகிறார்கள், அதிகம் வீணாவதும் அங்கேதான். என் முதல் செலவும் ஒரு 4 மி.மீ. ஐபீஸ்தான். வருடத்தில் நாலைந்து இரவு கூட அதைப் பயன்படுத்த முடியவில்லை. அதனால் இங்கே நான் சொல்லப்போவது ஒரே ஒரு முறை: உருப்பெருக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஐபீஸிலிருந்து கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றை எத்தனை மி.மீ. அகலம் என்று பார்த்து வாங்குங்கள். மூன்று ஐபீஸ் போதும். மூன்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம்.

முதல் படி: தொலைநோக்கியிலிருந்து மூன்று எண்கள்

குழாயின் வாய்ப்பக்கத்திலோ, ஐபீஸ் செருகும் ஃபோக்கஸர் அருகிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் விட்டமும் குவியத்தொலைவும் மி.மீ. கணக்கில் எழுதியிருக்கும். 70 / 700, 130 / 650, 203 / 1200 என்பது போல. குவியத்தொலைவை விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 70 / 700 தொலைநோக்கிக்கு அது 10. 130 / 650-க்கு 5. பெட்டி போன்ற தாங்கியில் வைத்துக் கையால் நகர்த்தும் கண்ணாடித் தொலைநோக்கியை எட்டு அங்குல டாப்சோனியன் என்கிறோமே, அந்த 203 / 1200-க்கு ஏறக்குறைய 6. இந்த மூன்று எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி, தொலைநோக்கிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். இனி எல்லாக் கணக்குக்கும் அவைதான் அடிப்படை.

அப்புறம் ஐபீஸ் செருகும் துளையை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 32 மி.மீ. இருந்தால் அது ஒன்றேகால் அங்குலம். இப்போது பரவலாகக் கிடைப்பது இதுதான். 51 மி.மீ. அளவு இருந்தால் இரண்டு அங்குலம். அதற்குள் ஒரு அடாப்டர் வைத்து ஒன்றேகால் அங்குல ஐபீஸையும் போடலாம். பழைய தொலைநோக்கிகளிலும் சில விளையாட்டுப் பொருள் வகைகளிலும் 24.5 மி.மீ. துளை இருக்கும். அந்த அளவில் நல்ல ஐபீஸ் கிடைப்பது அபூர்வம். அதற்கென்று புதிதாகப் பணம் போடாமல், அடுத்த தொலைநோக்கிக்குச் சேர்த்து வைப்பது நல்லது.

இரண்டாம் படி: ஒளிக்கற்றையைக் கண்ணால் பார்ப்பது

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே செய்து பாருங்கள். தொலைநோக்கியை எதிர்வீட்டு வெள்ளைச் சுவரையோ தண்ணீர்த் தொட்டியையோ பார்த்துத் திருப்புங்கள். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். கையிலிருக்கும் ஐபீஸில் பெரிய எண் போட்டதை மாட்டுங்கள். கண்ணை ஒட்ட வைக்காமல் ஒரு முழம் பின்னால் தள்ளி நின்று ஐபீஸைப் பாருங்கள். லென்ஸுக்குச் சற்று வெளியே, காற்றில் மிதப்பது போல, வட்டமாக ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு தெரியும். கண்ணாடி வகைத் தொலைநோக்கி என்றால் அந்தப் பொட்டின் நடுவே, குழாய்க்குள் இருக்கும் சின்னக் கண்ணாடி ஒரு கறுப்புப் புள்ளியாகவும், அதைத் தாங்கும் கம்பிகள் மெல்லிய கோடுகளாகவும் கூடத் தெரியும். அது உங்கள் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியின் சின்ன நிழற்படம். தொலைநோக்கி சேகரித்த ஒளி முழுவதும் அந்தப் பொட்டு வழியாகத்தான் கண்ணுக்குள் போகிறது. ஒரு ஸ்கேலை முன்னால் பிடித்து அதன் அகலத்தை அளந்து பாருங்கள். இப்போது சின்ன எண் போட்ட ஐபீஸை மாட்டுங்கள். பொட்டு ஊசிமுனை போலச் சுருங்கிவிடும்.

அந்த அகலத்தை அளக்காமலே கணக்கிடலாம். ஐபீஸ் மீது எழுதியிருக்கும் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் போதும். எஃப் 5 தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் கற்றை 5 மி.மீ. அதிலேயே 4 மி.மீ. போட்டால் 0.8 மி.மீ. 76 மி.மீ. தொலைநோக்கியின் 525 மடங்கில் கற்றை 0.15 மி.மீ. கூட வராது.

ஏன் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம்? இளவயதில் இருட்டில் நம் கண்ணின் பாவை 7 மி.மீ. வரை விரியும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 5 மி.மீ. அளவுதான். கற்றை அதைவிட அகலமாக இருந்தால் மிச்ச ஒளி கண்ணுக்குள் போகாது, வீண். 5 மி.மீ. பக்கம் இருந்தால் வானம் பரந்து, பளிச்சென்று தெரியும். 2 மி.மீ. வரும்போது கண் கூர்மையாக வேலை செய்யும், பின்னணி வானமும் கறுத்துவிடும், மங்கலான பொருள்கள் எடுப்பாகத் தெரியும். 1 மி.மீ. வரும்போது உங்கள் தொலைநோக்கி தரக்கூடிய நுணுக்கத்தில் பெரும்பகுதி கண்ணுக்கு வந்துவிடுகிறது. அரை மி.மீ.க்குக் கீழே போனால் படம் பெரிதாகிறதே ஒழிய புதிதாக எதுவும் தெரியாது. மங்கும், உங்கள் கண்ணுக்குள்ளேயே மிதக்கும் தூசு இழைகள் நிலவின் மேல் ஊர்வது போலத் தெரிய ஆரம்பிக்கும்.

ஆகவே 5, 2, 1. இந்த மூன்று எண்களை உங்கள் எஃப் எண்ணால் பெருக்குங்கள். எஃப் 5 என்றால் 25, 10, 5 மி.மீ. எஃப் 6 என்றால் 30, 12, 6 மி.மீ. இவைதான் உங்கள் மூன்று ஐபீஸ். ஒன்றிரண்டு மி.மீ. முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. எஃப் 10-க்கு முதல் எண் 50 என்று வரும். அதை மட்டும் 32 என்று மாற்றிக்கொள்ளுங்கள். காரணம் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: கையில் இருப்பதை நன்றாகப் பயன்படுத்திப் பார்ப்பது

தொலைநோக்கியோடு வந்த ஐபீஸ்களை உடனே ஒதுக்க வேண்டாம். 25-ம் 10-ம் வந்திருந்தால் 25 பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதலில் மாற்ற வேண்டியது 10. ஐபீஸில் ‘எச்’ எழுத்து இருந்தால் அது ஹைகன்ஸ் வகை, ‘எஸ்ஆர்’ என்றால் ராம்ஸ்டன் வகை. இரண்டும் பழங்காலத்து இரட்டை லென்ஸ் அமைப்பு. எஃப் 10 போன்ற நீளமான தொலைநோக்கியில் 20 மி.மீ. ஹைகன்ஸ் ஓரளவு ஒப்பேறும். எஸ்ஆர் 4 மி.மீ. ஐபீஸை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். அதன் துளை அவ்வளவு சின்னது, கண்ணிமை லென்ஸில் உரசாமல் பார்க்கவே முடியாது.

ஒரு மாதமாவது இருப்பதை வைத்தே பாருங்கள். நிலவு, வியாழன், கார்த்திகைக் கூட்டம், ஓரியன் நெபுலா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த ஐபீஸ், எத்தனை மடங்கு, என்ன தெரிந்தது, என்ன குறை. எந்த இடைவெளி உங்களுக்கு உறுத்துகிறது என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மலிவான சில செட்டுகளில் ஐபீஸின் அடியில் திருகும் கரும்பச்சைக் கண்ணாடி ஒன்று, ‘சூரியன்’ என்று எழுதி வரும். அதைப் பயன்படுத்தவே கூடாது. தொலைநோக்கி குவித்த வெயில் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழுகிறது. அது சூடேறி வெடித்தால், வெடித்த கணத்தில் கண் போய்விடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல், உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். சூரியனைப் பார்க்க வேண்டும் என்றால் குழாயின் வாயை முழுதாக மூடும் சூரிய வடிகட்டிதான் வழி.

நான்காம் படி: முதலில் வாங்க வேண்டியது அகலமானது

புதியவர்கள் சின்ன எண் ஐபீஸைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் பெரிய எண்ணை முதலில் வாங்கச் சொல்வேன். எந்தப் பொருளையும் பார்க்கும் முன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? அதற்கு வானம் அகலமாகத் தெரிய வேண்டும்.

இங்கே இன்னொரு எண் வருகிறது: புலம். ஐபீஸ் வழியாகப் பார்க்கும்போது தெரியும் வட்டம் நம் கண்ணுக்கு எத்தனை பாகை அகலம் என்பது அது. நான்கு லென்ஸ் கொண்ட ப்ளோசல் வகையில் ஏறக்குறைய 50 பாகை. அகலப்புல வகைகளில் 60 முதல் 70 வரை. அமெரிக்காவின் டெலி வியூ நிறுவனத்தைத் தொடங்கிய அல் நாக்லர் 1980 வாக்கில் 82 பாகை ஐபீஸைக் கொண்டுவந்தார். அப்போலோ விண்வெளி வீரர்கள் நிலவில் இறங்கப் பயிற்சி எடுத்த சிமுலேட்டருக்கு ஒளியியல் வடிவமைத்தவர் அவர். ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பது போன்ற அந்த அனுபவத்தைத் தொலைநோக்கிக்கும் கொண்டுவந்துவிட்டார். விலை நம் முதல் செட்டுக்கு எட்டாது. இருந்தாலும் யாரிடமாவது இருந்தால் ஒருமுறை கண் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஐபீஸின் புலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், வானத்தில் எவ்வளவு அகலம் தெரியும் என்று கிடைக்கும். 203 / 1200 தொலைநோக்கியில் 32 மி.மீ. ப்ளோசல் போட்டால் 37.5 மடங்கு. 50-ஐ அதால் வகுத்தால் 1.3 பாகை. முழுநிலவு அரைப் பாகைதான், ஆக இரண்டரை நிலவு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அகலம். கார்த்திகையின் பளிச்சென்ற விண்மீன்கள் நெருக்கியடித்து உள்ளே வரும், சுற்றியிருக்கும் கூட்டம் வெளியே போய்விடும். 130 / 650-இல் அதே ஐபீஸ் 20 மடங்கு, கிட்டத்தட்ட இரண்டரை பாகை. கார்த்திகை முழுதும் கறுப்பு வானத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும். சின்னத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வரம். பெரிய தொலைநோக்கிக்காரர்கள் இதற்குப் பொறாமைப்பட வேண்டும்.

ஒன்றேகால் அங்குலக் குழாய்க்குள் அடங்கும் வட்டம் சுமார் 27 மி.மீ.தான். 32 மி.மீ. ப்ளோசலும் 24 மி.மீ.-இல் 68 பாகை ஐபீஸும் அந்த எல்லையைத் தொட்டுவிடுகின்றன. அதற்கு மேல் 40 மி.மீ. வாங்கினால் உருப்பெருக்கம் குறையும், வானம் ஓர் அங்குலம் கூட அதிகம் தெரியாது. குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போலிருக்கும். எஃப் 10-க்கு 50 வேண்டாம், 32 போதும் என்று சொன்னது இதனால்தான்.

நகரத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எஃப் 5 தொலைநோக்கியில் 32 மி.மீ. போட்டால் கற்றை 6.4 மி.மீ. தெருவிளக்கு வெளிச்சம் கலந்த சாம்பல் வானத்தை அது அப்படியே பளிச்சென்று காட்டும். அங்கே 24 அல்லது 25 மி.மீ.தான் பொருத்தம். பணம் இருந்தால் 24 மி.மீ. 68 பாகை, இல்லையென்றால் 25 மி.மீ. ப்ளோசல். உங்கள் செட்டோடு வந்த 25 நன்றாக இருந்தால் இந்தப் படியில் செலவே இல்லை.

ஃபோக்கஸர் இரண்டு அங்குலம் என்றால் 30 மி.மீ. 70 பாகை போன்ற பெரிய ஐபீஸ் வாங்கும் ஆசை வரும். நல்ல ஆசைதான். எட்டு அங்குலத்தில் 1.7 பாகைக்கு மேல் வானம் கிடைக்கும். எடையை மட்டும் பாருங்கள். அரைக் கிலோ ஐபீஸை மாட்டியதும் டாப்சோனியன் குழாய் தலை கவிழ்ந்துவிடும். பின்னால் காந்தமோ மணல் பையோ கட்டிச் சமன் செய்ய வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: நடு ஐபீஸ், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்

மூன்றில் ஒன்றுக்கு மட்டும் நல்ல பணம் போட முடியும் என்றால் நடு ஐபீஸுக்குப் போடுங்கள். இரவில் பாதி நேரம் மாட்டியிருப்பது இதுதான். 2 மி.மீ. கற்றை. எஃப் 5-க்கு 10, எஃப் 6-க்கு 12, எஃப் 10-க்கு 20.

இந்த ஐபீஸுக்கு நம் ஊரில் தனி மதிப்பு உண்டு. ஒமேகா சென்டாரி என்ற கோளக்கொத்து, அதாவது பந்து போல நெருக்கமாகத் திரண்ட விண்மீன் கூட்டம், வடநாடுகளில் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை, அல்லது தலைகாட்டிவிட்டுப் போய்விடும். சென்னையில் அது தென்வானில் கிட்டத்தட்ட 30 பாகை உயரம் ஏறும், கன்னியாகுமரியில் இன்னும் அதிகம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை மாலை வானத்தில் இருக்கும். 37 மடங்கில் அது பஞ்சுப் பொதி. அதே எட்டு அங்குலத்தில் 12 மி.மீ. மாட்டி 100 மடங்குக்குப் போங்கள். பஞ்சு பிரிந்து, விளிம்பிலிருந்து நடு வரைக்கும் பொடிப்பொடியாக விண்மீன்கள் வெடித்துக் கிளம்பும். பார்த்தவர்கள் யாரும் உடனே கண்ணை எடுத்ததில்லை. ஓரியன் நெபுலாவின் நடுவே இருக்கும் நான்கு மீன்களும் இந்த ஐபீஸில்தான் அழகாகப் பிரியும். முழுநிலவும் வட்டத்துக்குள் அடங்கும். 50 பாகை ஐபீஸில் 100 மடங்கு வரை நிலவு முழுதாகத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த வகை வாங்குவது? வியன்னாவைச் சேர்ந்த ப்ளோசல் 1860-இல் செய்த நான்கு லென்ஸ் அமைப்பு இன்றும் விலைக்கு ஏற்ற மதிப்பு தருகிறது. நிலவும் கோள்களும் அதில் கூர்மையாக இருக்கும். ஒரே குறை, கண்ணை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்ற தூரம் அதன் குவியத்தொலைவில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். 25 மி.மீ. ப்ளோசலில் 18 மி.மீ. கிடைக்கும், வசதி. 10-இல் 7 மி.மீ., நெருக்கம். 6-இல் நாலரை மி.மீ., கண்ணிமை லென்ஸைத் துடைக்கும். ஆகவே 12 வரை ப்ளோசல், அதற்குக் கீழே 60 பாகைக்கு மேற்பட்ட அகலப்புல வகை என்று பிரித்துக்கொள்ளலாம்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கவலைப்பட வேண்டாம். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், ஃபோக்கஸ் திருகே சரிசெய்துவிடும். சீட்டில் சிலிண்டர் பவர் எழுதியிருந்தால் அகலமான கற்றையில் மீன்கள் கோணலாகத் தெரியும். முதல் ஐபீஸுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குக் கண் தூரம் 16 முதல் 20 மி.மீ. வரை இருப்பதைத் தேடுங்கள். 1 மி.மீ. கற்றைக்கு வரும்போது அந்தக் கோணல் பெரும்பாலும் மறைந்துவிடும், கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம்.

ஆறாம் படி: கடைசியாகச் சின்ன எண்

இப்போதுதான் கோள்களுக்கான ஐபீஸ். எஃப் 5-க்கு 5 அல்லது 6, எஃப் 10-க்கு 8 முதல் 10. எட்டு அங்குலத்துக்கு விதிப்படி 6 மி.மீ. வரும், 200 மடங்கு. ஆனால் நான் முதலில் 8 மி.மீ. வாங்கச் சொல்வேன், 150 மடங்கு. 200 மடங்கைக் காற்று எல்லா இரவும் அனுமதிக்காது. 150 பெரும்பாலான இரவுகளில் வேலை செய்யும், சனியின் வளையத்தில் இருக்கும் காசினி இடைவெளியைக் காட்ட அதுவே போதும்.

காற்று என்றதும் மொட்டைமாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கக்கும். அதன் மேல் நின்று 200 மடங்கில் பார்த்தால் வியாழன் கொதிக்கும் எண்ணெயில் விழுந்த அப்பளம் போல நெளியும். ஐபீஸைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பளிச்சென்ற மீனை எடுத்து, ஃபோக்கஸைக் கொஞ்சம் கலைத்துப் பாருங்கள். வட்டத்துக்குள் அலை அலையாக ஓடினால் அது காற்று. வட்டம் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால் கண்ணாடிகளின் கொலிமேஷன், அதாவது அவை ஒன்றோடொன்று நேராக அமைந்திருப்பது, சரியில்லை. வட்டம் அமைதியாக இருந்தும் கோள் தெளியவில்லை என்றால் மட்டும் ஐபீஸைச் சந்தேகியுங்கள். தொலைநோக்கியை அரைமணி, முக்கால் மணி முன்பே வெளியே வைத்து, முடிந்தால் மண் தரையிலோ புல்லிலோ நிறுத்துங்கள். புதிய ஐபீஸ் தராத முன்னேற்றத்தை இது தரும், அதுவும் காசில்லாமல். மழை ஓய்ந்து காற்றே அசையாத, லேசாகப் புகைமூட்டம் போட்ட இரவுகளை விட்டுவிடாதீர்கள். நெபுலாவுக்கு அவை ஆகாது, கோளுக்கு அமுதம்.

கையால் நகர்த்தும் டாப்சோனியன் என்றால் இந்த ஐபீஸில் புலம் அகலமாக இருக்கட்டும். பூமி சுழல்வதால் வானநடுக்கோட்டுப் பக்கம் இருக்கும் பொருள் நிமிடத்துக்குக் கால் பாகை நகர்கிறது. 200 மடங்கில் 50 பாகை ஐபீஸ் போட்டால் சனி ஒரே நிமிடத்தில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்விடும். 66 பாகை ஐபீஸில் 80 விநாடி கிடைக்கும். வரிசையில் நிற்கும் குழந்தைகளுக்குக் காட்டும்போது அந்த 20 விநாடியின் அருமை தெரியும்.

பார்லோவா, ஜூமா?

பார்லோ லென்ஸை ஐபீஸுக்கும் தொலைநோக்கிக்கும் நடுவில் செருகினால் உருப்பெருக்கம் இரண்டு மடங்காகும். நல்ல 2 மடங்கு பார்லோ ஒன்று, 25-ஐ 12.5 ஆக்கும், 10-ஐ 5 ஆக்கும். இரண்டு ஐபீஸ் நான்காகிவிடும். கூடவே ஒரு நன்மை: 10 மி.மீ. ஐபீஸின் கண் தூரம் குறையாமல் 5 மி.மீ. வேலை நடக்கும். எண்கள் மோதாமல் பார்த்து வாங்குங்கள். 25-ம் 12-ம் வைத்திருப்பவர் 2 மடங்கு பார்லோ வாங்கினால் 25 பாதியாகி மறுபடி 12-இலேயே வந்து நிற்கும். செட்டோடு வந்த பிளாஸ்டிக் 3 மடங்கு பார்லோவை மறந்துவிடுங்கள்.

8 முதல் 24 மி.மீ. வரை திருகி மாற்றும் ஜூம் ஐபீஸ் பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கு வானம் காட்டுபவர்களுக்கும் மிகவும் உதவும். இருட்டில் ஐபீஸ் கழற்றி மாட்டும் வேலை இல்லை. ஆனால் 24 மி.மீ. நிலையில் அதன் புலம் 40 பாகை அளவுக்குச் சுருங்கிவிடும், அகலம் வேண்டிய இடத்தில்தான் குறுகும். ஆகவே ஜூம் வாங்கினாலும் அந்த முதல் அகல ஐபீஸ் தனியாக வேண்டும்.

வாங்கியதும் முதல் இரவு

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். பகலில், ஐபீஸைக் கையில் பிடித்து வெள்ளைச் சுவரைப் பார்த்துச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே தூசு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. கீறல், எண்ணெய்ப் படலம், சிலந்தி வலை போன்ற இழை இருந்தால் திருப்பி அனுப்புங்கள். இரவில் ஒரு மீனை நடுவில் வைத்து ஊசிமுனையாக வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். எஃப் 5 தொலைநோக்கியில் ஓர மீன்களுக்கு வால்நட்சத்திரம் போல வெளிப்பக்கம் வால் முளைத்தால் அது பெரிய கண்ணாடியின் இயல்பு, எந்த ஐபீஸும் மாற்றாது. கடல்நாரை சிறகு விரித்தது போல அகன்று தெரிந்தால் அது ஐபீஸின் குறை. மலிவான அகலப்புல ஐபீஸ்களில், குறிப்பாக 15, 20 மி.மீ. அளவுகளில், இது அதிகம்.

சொன்ன புலம் கிடைக்கிறதா என்றும் அளக்கலாம். ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களில் மேற்கு ஓரத்தில் இருப்பது மின்டாக்கா. கிட்டத்தட்ட வானநடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. அதைப் புலத்தின் கிழக்கு ஓரத்தில் வைத்து, தொலைநோக்கியைத் தொடாமல், நடு வழியாகக் கடந்து மேற்கு ஓரத்தில் மறையும் வரை கைபேசியில் நேரம் எடுங்கள். விநாடிகளை 240-ஆல் வகுத்தால் பாகை. எட்டு அங்குலத்தில் 25 மி.மீ. ப்ளோசலுக்கு 250 விநாடி பக்கம் வர வேண்டும்.

ஈரத்திலிருந்து காப்பது

கடற்கரை ஊரில் இருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் ஐபீஸைக் கொல்வது கீறல் அல்ல, பூஞ்சை. ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்கத் துணிப்பையில் கட்டி அலமாரியில் வைத்திருந்த என் நல்ல 15 மி.மீ. ஐபீஸை ஜனவரியில் எடுத்தபோது, லென்ஸ்களுக்கு நடுவே வேர் விட்டது போல வெள்ளை இழைகள் ஓடியிருந்தன. உள்பக்கம் என்பதால் துடைக்க வழியில்லை.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி, இவ்வளவுதான் வேண்டும். நீலம் இளஞ்சிவப்பானாலோ, ஆரஞ்சு பச்சையானாலோ, ஜெல்லை மட்டும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடுங்கள். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். பனியில் நனைந்த ஐபீஸை அப்படியே மூடி வைக்காதீர்கள். அறையில் மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் உலர்ந்த பிறகு டப்பாவுக்குள் போகட்டும். ஏ.சி. அறையிலிருந்து எடுத்துப்போனால் வெளியே வந்த நிமிடமே லென்ஸ் வேர்த்துவிடும். டப்பாவைத் திறக்காமலே இருபது நிமிடம் மாடியில் வைத்திருந்து அப்புறம் திறங்கள்.

தூசு பட்டால் ரப்பர் ஊதுகுழாயால் ஊதுங்கள். சட்டை நுனியோ முந்தானையோ வேண்டாம், தூசியோடு தேய்த்தால் பூச்சு போய்விடும். கண்ணிமை எண்ணெய் படிந்திருந்தால் மட்டும் லென்ஸ் திரவத்தைக் காட்டன் மொட்டில் ஒரு சொட்டு நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடைத்து, அந்த மொட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுங்கள். திரவத்தை லென்ஸ் மேல் நேராக ஊற்றினால் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். மழைக்காலத்தில் வானம் மூடியே இருந்தாலும் பத்து நாளுக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து ஜெல்லின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.